கால் வாட் குளிர்: நுவரெலியாவில் ஒரு சிறு குளிர்விப்பான் 80 கெல்வினை எட்டிய கதை (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

ஊவாப் பக்கத்தில் ஆடி, ஆவணி வறட்சியோடு காற்றும் சேர்ந்துகொண்டால் பத்தனாப் புல்வெளிகள் தீப்பிடிக்கும். பண்டாரவளை, எல்ல, அப்புத்தளை ஆட்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தீ சின்னதாக இருக்கும்போதே ஒரு சிறு செய்மதியால் அதை மேலிருந்து கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியில்தான் இந்த வேலை தொடங்கியது. செய்மதி செய்ய யாரும் புறப்படவில்லை. செய்மதிக்குள் வைக்கக்கூடிய ஒரு சிறிய அகச்சிவப்பு உணரியைத் தரையில் இயக்கிப் பார்ப்பது, அதற்கு எவ்வளவு மின்சாரமும் எவ்வளவு இடமும் வேண்டும் என்று உண்மையான எண்களோடு சொல்வது, அவ்வளவுதான் நோக்கம். நுவரெலியா நகரையொட்டி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் இது நடந்தது.

விரிவுரையாளர் ஒருவர், இறுதியாண்டு மாணவர்கள் இரண்டு பேர் (ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன், பதுளையிலிருந்து வந்த பிள்ளை ஒருத்தி), தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் நான். இதுதான் குழு.

எரிகிற புல்லின் வெப்பநிலை 800, 1000 கெல்வின் வரை போகும். அந்த வெப்பநிலையில் கதிர்வீச்சு உச்சமாக வருவது 3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி. சாதாரணத் தரையின் உச்சமோ 10 மைக்ரோமீட்டர் அளவில். ஆகவே தீயைத் தேடுகிறவர்கள் 3 முதல் 5 மைக்ரோமீட்டர் வரையான பட்டையில் பார்க்கிறார்கள். அந்தப் பட்டைக்கான குறைகடத்தி உணரி அறை வெப்பநிலையில் இருந்தால் அதன் சொந்த வெப்பமே எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடும், வெளியிலிருந்து ஒளி வராமலேயே மின்னோட்டம் ஓடும், உண்மையான சமிக்ஞை அதில் மூழ்கிப்போகும். அதனால்தான் 80 கெல்வின், அதாவது சுமார் மறை 193 பாகை செல்சியஸ் வரை குளிர வைக்க வேண்டியிருக்கிறது.

விண்வெளிதான் குளிர்ந்த இடமாயிற்றே, தனியாக ஏன் கூலர் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பூமியைச் சுற்றும் செய்மதிக்கு ஒரு பக்கம் வெயில், இன்னொரு பக்கம் பூமியின் சூடு. அதோடு உள்ளே இருக்கும் மின்சுற்றுகளும் சுடும். உறைந்த வாயுவை எடுத்துப்போனால் அது தீர்ந்துவிடும். ஹபிள் விண்தொலைநோக்கியின் நிக்மோஸ் என்ற அகச்சிவப்புக் கருவிக்கு அதுதான் நடந்தது: அதன் திண்ம நைட்ரஜன் 1999 ஜனவரியில் தீர்ந்துபோக, 2002 இல் விண்வெளி வீரர்கள் போய் ஒரு இயந்திரக் குளிர்விப்பானைப் பொருத்திய பிறகுதான் அது மறுபடி வேலை செய்தது. சிறு செய்மதிக்கு யாரும் போய்ப் பழுதுபார்க்கப் போவதில்லை. ஆரம்பத்திலேயே இயந்திரம் வைத்தாக வேண்டும்.

கையில் இருந்தவை

வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த விரிவுரையாளர், அங்கே ஒரு ஆய்வுகூடம் கழித்துவிட்ட சிறிய ஸ்டேர்லிங் கூலர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அரைக் கிலோவுக்கும் குறைவு, உள்ளங்கையில் அடங்கும். உள்ளே ஹீலியம் வாயுவை ஒரு சிறு மோட்டார் அமுக்கியும் விரித்தும் அசைக்கிறது. அமுக்கும் பக்கம் சுடும், மெல்லிய உலோகக் குழாய் ஒன்றின் நுனி குளிரும். அந்தக் குழாயை இத்துறையில் குளிர்விரல் என்கிறோம். இந்த அளவுக் கூலர் ஒன்று புதிதாக இருந்தால் 10 வாட் மின்சாரம் வாங்கிக்கொண்டு 80 கெல்வினில் அரை வாட் வெப்பத்தை இழுத்துவிடும். எங்களுடையது எத்தனை மணிநேரம் ஓடியிருந்தது என்பதற்குப் பதிவே இல்லை.

இதே வகைச் சிறு கூலர்கள் தூர விண்வெளிக்கும் போயிருக்கின்றன. 2005 இல் செவ்வாய்க்கு ஏவப்பட்ட விண்கலத்தில் இருந்த கிரிஸ்ம் என்ற நிறமாலைக் கருவிக்கு மூன்று கூலர்கள் வைத்து அனுப்பினார்கள், ஒன்று போனால் இன்னொன்று என்று. வருடங்கள் போகப் போக அவையும் ஓய்ந்தன, ஓய்ந்த பிறகு அந்தக் கருவியின் அகச்சிவப்புப் பகுதி பயன்படாமல் போனது. தேயாத வகையும் உண்டு. ஒக்ஸ்போர்டில் உருவான வடிவத்தில் பிஸ்டன் சுவரில் உரசாமல் தட்டையான வில் தகடுகளில் தொங்கி ஆடும். அப்படிப்பட்ட கூலர்கள் மேல்வளிமண்டலத்தை ஆராய 1991 இல் ஏவப்பட்ட யூஏஆர்எஸ் செய்மதியில் பறந்தன. அவை விலை கூடியவை, பருமனும் கூட. எங்களிடம் இருந்தது உரசித் தேயும் வகை என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், பின்னால் எடுத்த ஒரு முடிவுக்கு இதுதான் காரணம்.

இவற்றோடு ஒற்றை உணரி ஒன்று, துருப்பிடிக்காத உருக்கில் செய்த சிறிய வெற்றிடக் கூடு, எண்ணெய் போடும் சுழல் பம்ப், குளிர்ச்சியை அளக்க ஒரு சிலிக்கன் டயோட்டு வெப்பமானி.

முதல் ஓட்டம்

உணரியைக் குளிர்விரல் நுனியில் பொருத்தி, அதைச் சுற்றி ஒரு சின்ன அலுமினிய மூடி போட்டு, கூட்டை அடைத்துக் காற்றை உறிஞ்சிவிட்டுக் கூலரை ஓடவிட்டார்கள். வெப்பநிலை முதலில் மளமளவென்று இறங்கியது. 200, 150, 130. அப்புறம் மெதுவாகி 110 கெல்வினில் நின்றுவிட்டது. அரை நாள் ஓடவிட்டும் அதற்குக் கீழே அசையவில்லை. கூலரின் உடம்பு மட்டும் கை வைக்க முடியாத சூடு.

உடம்புச் சூட்டுக்குக் காரணம் சீக்கிரமே பிடிபட்டது. இந்த உயரத்தில் காற்றமுக்கம் சுமார் 810 மில்லிபார், கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்று மெல்லியதாக இருப்பதால் அதே விசிறி அள்ளிக்கொண்டு போகும் வெப்பமும் குறைவு. பெரிய அலுமினியத் தகடு ஒன்றைப் பெரியவர் அறுத்துத் துளைபோட்டுக் கூலரின் அடியில் இறுக்கினார், உடம்பு ஆறியது. ஆனால் நுனி ஓரிரு பாகைதான் இறங்கியது. சிக்கல் வேறு எங்கோ இருந்தது.

வெப்பமானி சரியா?

கூலரைச் சந்தேகிக்கும் முன் வெப்பமானியைச் சரிபார்க்க வேண்டும் என்றாள் மாணவி. அதற்குத் திரவ நைட்ரஜன் வேண்டும். மலைநாட்டில் அது எங்கே கிடைக்கும்? பால்மாடு வளர்க்கிற இடம் இது, மாடுகளைச் செயற்கை முறையில் சினைப்படுத்துவதற்கான விந்தைத் திரவ நைட்ரஜனில்தான் வைத்திருப்பார்கள். அந்த வேலையில் இருந்த ஒருவர் தன் கலனிலிருந்து கொஞ்சம் ஊற்றித் தந்தார். மலையில் குளிரியல் வேலை செய்ய நினைக்கிறவர்கள் இந்த வழியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை.

வெப்பமானியை நைட்ரஜனில் தோய்த்தால் 75.6 கெல்வின் காட்டியது. புத்தகத்தில் இருப்பது 77.4. ஏறத்தாழ இரண்டு பாகை குறைவு. உடனே மாணவன், “சேர், இது பழுது, இதை நம்பி ஒண்டும் செய்ய ஏலாது” என்றான். விரிவுரையாளர் பதில் சொல்லாமல் சுவரில் இருந்த அமுக்கமானியைக் காட்டினார். 77.4 என்பது கடல் மட்டத்துக் கொதிநிலை. 810 மில்லிபாரில் திரவ நைட்ரஜன் 75.5 கெல்வினிலேயே கொதித்துவிடும். மலையில் பருப்பு வேகத் தாமதமாவதற்கும் இதுதான் காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் நைட்ரஜனுக்கும் அதே விதி என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. வெப்பமானி சரியாகத்தான் இருந்தது. அந்த இரண்டு பாகையைப் “பிழைதிருத்தம்” என்று மென்பொருளில் போட்டிருந்தால் அதற்குப் பின் எடுத்த அளவீடு எல்லாமே கோணலாகியிருக்கும்.

மூன்று வழிகள்

ஆக நுனி உண்மையிலேயே 110 கெல்வினில்தான் நின்றது. மேற்கொண்டு என்ன செய்வது என்பதில் கருத்து மூன்றாகப் பிரிந்தது.

கூலருக்குள் ஹீலியம் குறைந்திருக்கலாம் என்பது ஒன்று. ஹீலியம் மிகச் சிறிய அணு, எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் வருடக்கணக்கில் கசியும், கசியக் கசியக் கூலரின் வலு குறையும். ஆனால் மிகத் தூய ஹீலியத்தை உயர் அமுக்கத்தில் மறுபடி நிரப்பும் வசதி எங்களிடம் இல்லை, வெளிநாட்டுக்கு அனுப்பக் காசும் இல்லை. இரண்டாவது, மாணவன் சொன்னது: மின்னழுத்தத்தை ஏற்றி மோட்டாரை வேகமாக ஓட்டினால் இறங்கிவிடும். இறங்கும்தான். மூன்றாவது மாணவியுடையது: கூலர் எவ்வளவு இழுக்கிறது, உள்ளே எவ்வளவு வெப்பம் வருகிறது என்று தனித்தனியே அளக்காமல் எதையும் தொடக்கூடாது.

விரிவுரையாளர் மூன்றாவதை எடுத்தார். வேகத்தை ஏற்றாததற்கு அவர் சொன்ன காரணங்கள் இரண்டு, இரண்டும் வலுவானவை. ஒன்று, இது உரசித் தேயும் கூலர், வேகமாக ஓட்டினால் மிச்சமிருக்கும் ஆயுளும் போகும், மாற்றுக் கூலர் கிடையாது. மற்றது நோக்கத்தைப் பற்றியது. 80 கெல்வினிலிருந்து ஒரு வாட் வெப்பத்தை எடுத்து 300 கெல்வினில் கொட்ட இயற்கை கேட்கும் குறைந்தபட்ச விலையே 2.75 வாட். நடைமுறையில் இவ்வளவு சின்ன இயந்திரம் அதைப்போல ஏழெட்டு மடங்கு கேட்கும், தேய்ந்ததாக இருந்தால் அதற்கும் மேலே. குளிர்ப் பக்கத்தில் 100 மில்லிவாட் கூடுதலாக வந்தால் மின்கலத்திலிருந்து 2 வாட்டோ 4 வாட்டோ போகும். தரையில் மின்சாரத்தை ஏற்றி மறைத்துவிடலாம், செய்மதியில் அந்த வாட் இருக்காது. எண்களைக் கண்டுபிடிக்கத்தான் இந்த வேலையே தொடங்கினோம், எண்ணை மறைத்துவிட்டால் செய்ததற்கு அர்த்தமில்லை.

வெற்று விரல் சோதனை

உணரி, மூடி, வயர் எல்லாவற்றையும் கழற்றினார்கள். குளிர்விரல் நுனியில் வெப்பமானியும் மெல்லிய வயரில் தொங்கும் ஒரு சிறு மின்தடையும் மட்டும். வேறொரு துறையிலிருந்து இரவல் வாங்கிய டர்போ பம்பை வைத்து அமுக்கத்தை ஒரு மில்லிபாரின் இலட்சத்தில் ஒரு பங்கு வரை இறக்கிவிட்டுக் கூலரை வழக்கமான மின்னழுத்தத்தில் ஓட்டினார்கள்.

நுனி 62 கெல்வினுக்குப் போனது. அந்த எண்ணைப் பார்த்ததும் அறையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

அடுத்து மின்தடைக்குச் சிறிது சிறிதாக மின்சாரம் கொடுத்துச் சூடேற்றினார்கள். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் நுனியில் எவ்வளவு வெப்பம் கொட்டுகிறோம் என்பது தெரிந்துவிடும். ஏறத்தாழ கால் வாட் கொடுத்தபோது நுனி 80 கெல்வினில் நின்றது. 650 மில்லிவாட் கொடுத்தபோது 110 இல் நின்றது. இந்தப் புள்ளிகளை இணைத்தால் வருகிற கோடுதான் கூலரின் வலுவைக் காட்டும் சுமைக்கோடு.

இந்த ஒரு கோட்டில் இரண்டு விடையும் கிடைத்துவிட்டன. கூலர் பழசுதான், அரை வாட் இழுக்க வேண்டிய இடத்தில் கால் வாட்தான் இழுக்கிறது, ஹீலியமோ தேய்மானமோ ஏதோ ஒன்று. ஆனால் கால் வாட் என்பது எங்கள் உணரிக்குத் தாராளம். முதல் ஓட்டத்தில் 110 இல் நின்றதென்றால் அப்போது 650 மில்லிவாட் உள்ளே வந்துகொண்டிருந்திருக்கிறது. உணரி தானாக உண்டாக்கும் வெப்பம் சில மில்லிவாட் கூட வராது. மிச்சம் எங்கிருந்து வந்தது?

வெப்பக் கணக்கு

மாணவி ஒரு பெரிய தாளில் எழுதத் தொடங்கினாள். வெப்பம் உள்ளே நுழைய மூன்று வழிதான்: திண்மப் பொருள் வழியாகக் கடத்தல், மிச்சக் காற்று வழியாக, கதிர்வீச்சாக.

வயர்கள் முதலில். பன்னிரண்டு செப்பு வயர், ஒவ்வொன்றும் 0.1 மில்லிமீட்டர் விட்டம், 5 சென்டிமீட்டர் நீளம். தலைமயிரைவிடச் சற்றுத் தடிப்பு, பார்த்தால் ஒன்றுமே இல்லை போலிருக்கும். ஆனால் செம்பின் கடத்துதிறன் மீட்டருக்கு, கெல்வினுக்கு 400 வாட். அறைச் சூட்டுக்கும் நுனிக்கும் இடையில் 180 பாகை வித்தியாசம். ஒரு வயருக்கு 11 மில்லிவாட், பன்னிரண்டுக்கும் சேர்த்து 135.

மூடி அடுத்தது. வேண்டாத ஒளி தெறித்து உணரிக்குப் போகாமலிருக்க மூடிக்குக் கறுப்பு வர்ணம் அடித்திருந்தார்கள், உள்ளேயும் வெளியேயும். உள்ளே அடித்தது சரி. வெளியே கறுப்பு என்றால் அறைச் சூட்டில் இருக்கும் கூட்டின் சுவர் வீசும் கதிர்வீச்சை அது முழுசாக விழுங்கும். 290 கெல்வினில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிவாட் வருகிறது. மூடியின் வெளிப்பரப்பு 7 சதுர சென்டிமீட்டர். கறுப்பு அதில் பத்தில் ஒன்பது பங்கை எடுத்துக்கொண்டால் 250 மில்லிவாட். இது மட்டுமே கூலரின் முழு வலு.

அப்புறம் காற்று. முதல் ஓட்டத்தில் சுழல் பம்ப் மட்டும்தான், அமுக்கம் ஒரு மில்லிபாரின் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவு. கேட்பதற்கு நல்ல வெற்றிடம் போலத்தான் இருக்கும், ஆனால் மூலக்கூறுகள் சுடும் சுவரிலிருந்து குளிரும் விரலுக்கு நேராகப் பறந்து சூட்டைக் கொண்டுபோக அதுவே போதும். சுமார் 150 மில்லிவாட்.

எல்லாவற்றையும் கூட்டினால், உணரி வெளியே பார்ப்பதற்காகக் கூட்டில் வைத்த சிறு யன்னல் வழியாக வருவதையும் சேர்த்து, 550. சுமைக்கோடு சொல்வது 650. ஒரு நூறு மில்லிவாட் கணக்கில் வரவில்லை.

இரண்டு நாளாக எல்லோரும் கணக்கில்தான் பிழை தேடினார்கள். பெரியவருக்குக் கணக்கில் அக்கறை இல்லை, கழற்றி வைத்த பாகங்களை ஒவ்வொன்றாக டோர்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் உணரியின் சமிக்ஞை வயரைத் தூக்கிப் பிடித்தார். “தம்பி, இந்தச் சடை எதுக்கு?”

“அது ஷீல்ட் ஐயா, கரைச்சல் சத்தம் வராம இருக்க.”

“இதுவும் செம்புதானே?”

அவ்வளவுதான். இரைச்சலைத் தடுக்க வயரைச் சுற்றிப் பின்னியிருந்த செப்புச் சடையைக் கூட்டின் சுவரிலிருந்து நுனி வரைக்கும் முழுசாக விட்டிருந்தார்கள். வயர்களை எண்ணியபோது மின்னோட்டம் போகும் வயர்களை மட்டும் எண்ணினார்களே தவிர இதை வயராகவே யாரும் நினைக்கவில்லை. சடையின் மெல்லிய இழைகளை எல்லாம் சேர்த்தால் குறுக்குவெட்டு 0.07 சதுர மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 100 மில்லிவாட். தாளில் அந்த வரியை எழுதியதும் கூட்டுத்தொகை பொருந்தியது. பெரியவரின் கண்தான் இந்த ஆய்வின் மிக முக்கியமான கருவி என்று நான் இப்போதும் நினைக்கிறேன்.

திருத்தமும், இரவில் ஏறிய வெப்பநிலையும்

செப்பு வயரை எடுத்துவிட்டு மங்கனின் வயர் போட்டார்கள். அந்த உலோகக்கலவை செம்பில் இருபதில் ஒரு பங்கு வெப்பத்தைத்தான் கடத்தும். தேவையில்லாத நான்கு வயர்களையும் எடுத்தாயிற்று. சடையைப் பாதிவழியில், சூடான பக்கத்திலேயே நிறுத்தினார்கள். மூடியின் வெளிப்பக்க வர்ணத்தைச் சுரண்டித் தேய்த்துப் பளபளப்பாக்கி, அலுமினியம் பூசிய மெல்லிய தாளைச் சுற்றினார்கள். டர்போ பம்ப் இருந்ததால் காற்றின் பங்கு ஒதுக்கிவிடும் அளவுக்குப் போய்விட்டது. புதிய கணக்கு 50 மில்லிவாட், சுமைக்கோட்டின்படி நுனி 66 கெல்வினில் நிற்க வேண்டும்.

நின்றது. கணக்கும் அளவீடும் ஒத்துப்போனதில் எல்லோருக்கும் பெரிய சந்தோஷம்.

காலையில் வந்து பார்த்தால் 73.

மறுபடி ஓட்டினாலும் அதே கதை. சாயங்காலம் 66, விடியும்போது 72, 73. கூலர் களைத்துப்போகிறதோ என்று நினைத்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தோம்: கூலரை நிறுத்தி, நுனியை அறைச் சூட்டுக்கு வரவிட்டு, பம்பை ஓடவிட்டபடியே மறுபடி குளிர வைத்தால் திரும்ப 66 க்கே போகிறது. தேய்மானமோ கசிவோ என்றால் இப்படித் திரும்பிவராது. சூடாக்கினால் போய்விடுகிற ஏதோ ஒன்று குளிர்ப் பரப்பில் படிகிறது.

பனிக்கட்டி. வேறொன்றும் இல்லை.

ஈரம்

கூட்டைத் திறந்து வேலை செய்ததெல்லாம் மழையிலும் மூட்டத்திலும். யன்னலைத் திறந்தால் மூட்டம் அறைக்குள்ளேயே வந்துவிடும் ஊர் இது. உலோகச் சுவர், கூட்டைக் காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் ஓ-வளையங்கள், உணரியை ஒட்டிய எபொக்சிப் பசை எல்லாம் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிறகு வெற்றிடத்தில் அதை மெதுவாக, மணிக்கணக்கில், நாட்கணக்கில் விடும். விடுகிற நீராவிக்குக் கூட்டுக்குள்ளேயே மிகக் குளிர்ந்த இடம் நுனியும் மூடியும்தான். அங்கே போய் ஒட்டி உறையும். பளபளப்பான உலோகத்தின் மேல் பத்து மைக்ரோமீட்டர் பனி படிந்தாலே அது பளபளப்பை இழந்து கதிர்வீச்சை விழுங்கத் தொடங்கும். எங்கள் மூடியின் பரப்புக்கு அது வெறும் 7 மில்லிகிராம் நீர். ஒரு சொட்டுத் தண்ணீர் கூட 50 மில்லிகிராம் இருக்கும்.

இது மூட்டத்து ஊருக்கு மட்டும் வரும் தொல்லையல்ல. 2023 இல் ஏவப்பட்ட ஐரோப்பிய யூக்ளிட் விண்தொலைநோக்கியின் ஒளிப்பாதையிலும் இப்படித்தான் மிக மெல்லிய பனி படிந்தது, தரையில் இருக்கும்போது உள்ளே ஒட்டிக்கொண்ட நீர் விண்வெளியில் வெளிவந்ததால். 2024 மார்ச்சில் ஒரு கண்ணாடியை 34 பாகை மட்டும் சூடாக்கியதும் ஒளி திரும்ப வந்தது. அவ்வளவு சுத்தமான அறையில் கட்டிய கருவிக்கே அப்படியென்றால் நுவரெலியாவில் யன்னலோரம் கட்டியதற்குச் சொல்லவா வேண்டும்.

பெரியவருக்கு இந்த விளக்கம் புதிதே இல்லை. காய்ந்த தேயிலை மூன்று வீத ஈரத்தில் டிரையரை விட்டு வெளியே வரும், திறந்து வைத்தால் மறுநாளே ஈரம் ஏறிவிடும், அதனால்தான் சூட்டோடு சூடாகப் பெட்டியில் அடைப்பார்கள், இதுவும் அதே மாதிரித்தான் என்றார். தொழிற்சாலையின் சலிக்கும் அறை எப்போதும் உலர்ந்திருக்கும், அங்கே கொண்டுபோய்க் கூட்டைத் திறந்து பூட்டினால் என்ன என்றும் கேட்டார். நல்ல யோசனைதான், ஆனால் அந்த அறையில் பறக்கும் தேயிலைத் தூளில் ஒரு துகள் ஓ-வளையத்தில் ஒட்டினாலும் வெற்றிடம் போய்விடும் என்பதால் விட்டுவிட்டோம்.

எடுத்த முடிவு இது. கூட்டைச் சுற்றிச் சூடேற்றும் பட்டி கட்டி, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே 70 பாகை செல்சியஸில் இரண்டு மூன்று நாள் வைப்பது. உணரியின் பசைக்கு அதற்கு மேல் ஆகாது. பிறகு எப்போது திறந்தாலும் அறைக் காற்றை உள்ளே விடாமல், நைட்ரஜன் கலனிலிருந்து ஆவியாகும் உலர்ந்த வாயுவைக் குழாய் வழியாக விட்டு நிரப்பிவிட்டுத்தான் திறப்பது. சும்மா வீணாகப் போகிற வாயு அது, அதைவிட உலர்ந்த வாயு இந்த மலையில் கிடைக்காது. குளிர்விரலின் அடியில் நீரை உறிஞ்சும் சியோலைட் மணிகளை ஒரு சின்னக் கம்பிவலைப் பையில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

இடையில் ஒரு தடங்கல். பருவப்பெயர்ச்சிக்கு இடைப்பட்ட மாதங்களில் பின்னேரம் இடிமின்னல் வழக்கம், கரண்ட் போகும். பம்ப் நின்றால் கூட்டின் வெற்றிடம் பம்பின் எண்ணெய் ஆவியைத் திரும்ப உள்ளே இழுக்கும், அது படிந்தால் நீரைவிட மோசம். கரண்ட் போன கணமே தானாக மூடிக்கொள்ளும் வால்வு ஒன்றைப் போட்ட பிறகுதான் இரவில் விட்டுவிட்டுப் போக மனம் வந்தது.

விளைவு

சூடேற்றி உலர்த்திய பிறகு பம்ப் வால்வை மூடிப் பார்த்தபோது கூட்டின் அமுக்கம் முன்பைவிட மிக மெதுவாகத்தான் ஏறியது. கூலரை ஓட்டினால் சாயங்காலம் 66, காலையிலும் ஒரு பாகைக்குள் அதேதான். அதன் பிறகு மின்னழுத்தத்தைக் குறைக்கத் தொடங்கினார்கள். தேவை 80 கெல்வின்தான், 66 அல்ல. முதலில் 11 வாட் வாங்கிக்கொண்டு 110 கெல்வினில் திணறிய அதே கூலர், 6 வாட்டுக்கும் குறைவான மின்சாரத்தில் 80 கெல்வினில் இரவு முழுவதும் நின்றது. ஹீலியம் நிரப்பவில்லை, கூலரின் எந்தப் பாகத்தையும் திறக்கவில்லை.

உணரியின் இருள் மின்னோட்டம், அதாவது ஒளி வராமலேயே ஓடும் மின்னோட்டம், வேலை செய்யும் அளவுக்கு இறங்கியது. ஆய்வுகூடத்துக்கு வெளியே, முற்றத்தின் மறுகோடியில் எரியவிட்ட ஒரு பிடி காய்ந்த புல்லைக் கூட்டின் யன்னல் வழியாகப் பார்த்துச் சமிக்ஞை காட்டியது. மாணவன் அன்றைக்கு வீட்டுக்குப் போன் எடுத்து நீண்ட நேரம் பேசினான்.

தீராதது ஒன்று உண்டு. மோட்டாரின் அதிர்வு குளிர்விரல் வழியாக உணரிக்குப் போய்ச் சமிக்ஞையில் நடுக்கமாகத் தெரிகிறது. சடையைப் பாதியில் நிறுத்தியதால் மின் இரைச்சலும் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஒற்றை உணரிக்கு இரண்டையும் கணித்து வடிகட்டிவிடலாம், படம் எடுக்கும் உணரி என்றால் அது போதாது.

அடுத்த தடவை மாறுவது

கூலர் கைக்கு வந்த அன்றே, எதையும் பொருத்தும் முன், சுமைக்கோடு எடுக்க வேண்டும். இந்தக் குழு இப்போது அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது, ஏனென்றால் அந்தக் கோடு இல்லாமல் கூலர் பலவீனமா, சுமை அதிகமா என்று வாதாடிக்கொண்டே இருக்கலாம், முடிவு வராது. வெப்பக் கணக்கை வரைபடம் போடும்போதே எழுத வேண்டும். அதில் நுனியைத் தொடும் ஒவ்வொரு பொருளுக்கும், மின்சாரம் போனாலும் போகாவிட்டாலும், ஒரு வரி இருக்க வேண்டும். ஓ-வளையங்களும் பசையும் முன்கூட்டியே தனியாகச் சூடாக்கி உலர்த்தப்படும். கூட்டைத் திறக்கும் வேலைகளை மாசி, பங்குனியில் வெயில் நாளாகப் பார்த்து வைத்துக்கொள்வது என்றும் தீர்மானித்திருக்கிறார்கள்.

அடுத்த கட்டம் விசிறியை எடுத்துவிடுவது. விண்வெளியில் காற்று இல்லை, கூலரின் சூட்டைக் கதிர்வீச்சாகத்தான் கொட்ட வேண்டும். 300 கெல்வினில் இருக்கும் நல்ல கதிர்த்தகடு ஒரு சதுர மீட்டருக்கு 390 வாட் அளவில் வீசும். முதலில் இருந்த 11 வாட்டை வீச 280 சதுர சென்டிமீட்டர் வேண்டும். 2019 இல் போன இலங்கையின் முதல் செய்மதி ராவணா-1 ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர்க் கனசதுரம், அதன் ஒரு முகம் 100 சதுர சென்டிமீட்டர்தான். அந்த மாதிரிப் பெட்டிகள் மூன்றை அடுக்கினால் வரும் நீண்ட முகம் முழுவதையும் கூலரே எடுத்துக்கொண்டிருக்கும், சூரியத் தகட்டுக்கு அந்தப் பக்கத்தில் இடமே இருந்திருக்காது. 6 வாட் என்றால் 155 சதுர சென்டிமீட்டர், அந்த முகத்தில் பாதி. அந்த அளவில் ஒரு அலுமினியத் தகட்டை வெட்டி, வெள்ளை வர்ணம் அடித்து, கூட்டுக்குள் வைத்துச் சோதிக்கும் வேலையைப் பெரியவரும் மாணவியும் தொடங்கியிருக்கிறார்கள்.